மகமையும் உபகாரச் சம்பளமும்



ஏழை வீட்டுப் பிள்ளை ஒருவன் கல்லூரியிற் சேர்ந்து பட்டம் பெற்றான் என்று கேள்வியுறும்போது அவனுடைய அறிவையும் ஊக்கத்தையும் பாராட்டுகிறோம். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் வரலாறு பயில்கின்றவன் மற்றொரு கேள்வியையும் கேட்டாக வேண்டும். அவன் படித்த காலமெல்லாம் அவனுக்குச் சோறு போட்டவர் யார்? இந்தக் கேள்வியைத்தான் நான் என் ஆராய்ச்சிக்கு உரிய பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கல்வி உதவித்தொகை என்று இன்று நாம் சொல்வதை முன்னாளில் உபகாரச் சம்பளம் என்றார்கள். படிக்கிற பிள்ளைக்குச் சம்பளம் ஏது என்று நீங்கள் சிரிக்கலாம். வடமொழியில் சம்பலம் என்ற சொல்லுக்கு வழிப்பயணத்துக்கு வேண்டிய உணவு என்று பொருள். கட்டுச்சோறு என்று நாம் சொல்கிறோமே, அதுதான். இப்பொருளை நினைத்துப் பார்த்தால் உபகாரச் சம்பளம் என்ற பெயர் மிகவும் பொருத்தமாகத் தோன்றுகிறது. கல்லூரி என்பது ஏழைக்கு ஒரு நெடுவழி. வழியில் உண்ணச் சோறு இல்லாதவன் பாதியில் திரும்பிவிடுவான்.

நான் சேவுகம்பட்டியைச் சேர்ந்தவன். திண்டுக்கல் மாவட்டத்தில், வத்தலக்குண்டுக்கு அருகில், கீழ்ப்பழனி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர். வாழையும் தென்னையும் மிகுந்த பூமி. நிலமுடையவர்கள் சிலர், அந்த நிலத்தில் கூலிக்கு உழைப்பவர்கள் பலர். இத்தகைய ஊரிலிருந்து ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போவது ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் எளிய செயல் அன்று.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டது. மதுரையில் அமெரிக்கன் கல்லூரி 1881இலும் மதுரைக் கல்லூரி 1889இலும் தோன்றின. திருச்சிராப்பள்ளியில் தூய வளனார் கல்லூரி இருந்தது. திண்டுக்கல் நகரில் கலைக் கல்லூரிகள் ஏற்பட்டது 1960களில்தான். ஆகவே நெடுங்காலம் எங்கள் பக்கத்துப் பிள்ளைக்குக் கல்லூரி என்றால் மதுரை. காலையில் போய் மாலையில் திரும்பும் வசதி அன்று ஏது? மதுரையிலேயே தங்க வேண்டும். அங்கேயே உண்ண வேண்டும். கல்லூரிக் கட்டணம் ஒரு செலவு என்றால், உண்டியும் உறைவிடமும் அதனினும் பெரிய செலவு. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. கட்டணச் சலுகை பெற்றவன் படிக்கலாம் என்று ஏட்டில் எழுதிவிடலாம். ஆனால் கட்டணமே இல்லாத கல்லூரியிலும் பசித்தவன் பாடம் கேட்க முடியாது. தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவனுக்கோ பணம் இருந்தாலும் அறை கிடைப்பது அரிது. உணவுச்சாலையில் இலை கிடைப்பதும் அரிது.

அப்படியானால் நம் நாட்டில் ஏழைகள் எவரும் படிக்கவில்லையா? படித்தார்கள். எப்படி என்பதற்கு எங்கள் அண்டை ஊரே ஒரு சான்று.

சேவுகம்பட்டிக்குப் பக்கத்தில் உள்ளது பட்டிவீரன்பட்டி. மலையிலிருந்து இறங்கும் காப்பிக் கொட்டையைப் பதப்படுத்தி விற்கும் வணிகத்தால் பெயர் பெற்ற ஊர். டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் பிறந்த ஊரும் அதுவே. 1893இல் பிறந்து 1953இல் மறைந்த அவர் சுயமரியாதை இயக்கத்திலும் நாடார் மகாஜன சங்கத்திலும் முன்னணியில் நின்றவர். இராமநாதபுரம் மாவட்டக் கழகத்தின் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரைப் பேருந்தில் ஏற்ற மறுத்த உரிமையாளர்களைப் பணியவைத்தவர் என்பதை நீங்கள் பாடநூல்களிற் படித்திருக்கலாம். இங்கே நான் எடுத்துக்கொள்வது அவர் தலைமை தாங்கிய சங்கத்தின் பணத்தைப் பற்றியது.

தென்பாண்டி நாட்டு வணிகர்களிடம் மகமை என்றொரு வழக்கம் உண்டு. ஒரு மூட்டை சரக்கு விற்றால் அதற்கு இத்தனை காசு என்று எடுத்துப் பொது உண்டியிற் சேர்ப்பார்கள். அது தருமம் அன்று, கட்டாயமான பங்கு. அவ்வாறு சேர்ந்த பணத்திலிருந்து பேட்டைகள், கிணறுகள், கோயில்கள், பின்னர்ப் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை இப்படி எழுந்ததே. வீட்டுக்கு வீடு நாள்தோறும் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்து அந்தப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். பிடியரிசிப் பள்ளிக்கூடம் என்றே அதற்குப் பெயர் வழங்கியது. காமராசர் சிறுவயதில் படித்தது அங்கேதான். வறுமையால் அவர் படிப்பு பாதியில் நின்றது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். பிடியரிசியும் எல்லாரையும் கரை சேர்த்துவிடவில்லை.

1910இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றிய பிறகு கல்லூரி மாணவர்களுக்குக் கடனாக உதவித்தொகை கொடுக்கும் முறை ஏற்பட்டது. படித்து வேலைக்குப் போனவன் அந்தத் தொகையைத் திருப்பிச் செலுத்த வேண்டும். அது அடுத்தவனுக்குப் போகும். இந்த ஏற்பாட்டின் அருமையைப் பாருங்கள். வாங்குகிறவன் கை தாழவில்லை. பணமும் ஒரு தலைமுறையோடு தீர்ந்துவிடவில்லை. 1947இல் விருதுநகரிலும், 1965இல் மதுரையை அடுத்த நாகமலையிலும் அச்சமுதாயத்தார் கல்லூரிகளையே கட்டி எழுப்பினார்கள். முன்னாளில் கோயிலுக்குள் நுழைய முடியாதிருந்த ஒரு சமுதாயம் கல்லூரி கட்டியது என்றால், அதன் அடித்தளத்தில் கிடந்தது மூட்டைக்கு இத்தனை என்று எடுத்துவைத்த காசு.

இதுவரை கேட்டவர்கள், மற்றவர்களும் இவ்வாறே செய்திருக்கலாமே என்று எண்ணக்கூடும். இக்கேள்வியை என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். சிலர் சற்று ஏளனமாகவே கேட்டிருக்கிறார்கள். அதற்குரிய விடை மிக எளிது. மகமை எடுக்க வேண்டுமானால் முதலில் மூட்டை வேண்டும். சரக்கு இல்லாதவன் எதில் பங்கு எடுப்பான்? நிலமும் இல்லாமல் வணிகமும் இல்லாமல், அன்றாடம் கூலியாக அளந்துகொடுக்கப்பட்ட தானியத்தில் வாழ்ந்த குடும்பங்கள் எங்கள் வட்டாரத்தில் எத்தனையோ. அவர்களிடம் ஒற்றுமை இல்லாமற் போகவில்லை. எடுத்துவைப்பதற்குரிய மிச்சந்தான் இல்லை. பிடியரிசி என்பதுகூடப் பானையில் அரிசி இருக்கிற வீட்டுக்கே உரியது.

அவர்களுக்குப் பொது உண்டி எங்கிருந்து வந்தது என்பதே வரலாற்றில் நாம் தேட வேண்டிய செய்தி.

முதலில் துறவிகளும் தொண்டர்களும் வந்தார்கள். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கிப் பள்ளியும் விடுதியும் நடத்தினார். பள்ளியோடு விடுதியையும் அவர் அமைத்தது கருதத்தக்கது. பாடத்துக்கு முன் பந்தி என்பதை அவர் அறிந்திருந்தார். அடுத்து, 1920ஆம் ஆண்டையொட்டிச் சென்னை மாகாண அரசாங்கம் தொழிலாளர் துறை என்ற ஒன்றை அமைத்தது. பெயர்தான் தொழிலாளர் துறை. தாழ்த்தப்பட்ட வகுப்பினரின் நலம் அதன் முக்கியப் பொறுப்பாக இருந்தது. வீட்டுமனை, கிணறு, பள்ளி, விடுதி, உபகாரச் சம்பளம் ஆகிய எல்லாவற்றையும் அத்துறை கவனித்தது. கல்லூரிக்கு என்று அதிலிருந்து கிடைத்தது மிகச் சிறு பங்குதான். எனினும் பொதுப்பணத்தில் இவர்களுக்கும் பங்கு உண்டு என்ற கொள்கை அன்று ஏட்டில் ஏறியது.

அந்தக் கொள்கையை இந்தியா முழுவதற்கும் உரியதாக ஆக்கியவர் ஒருவர். அவரும் ஒரு காலத்தில் உபகாரச் சம்பளம் பெற்ற ஆராய்ச்சி மாணவராக இருந்தவர். அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

1913ஆம் ஆண்டு. பம்பாய்ப் பல்கலைக்கழகத்துப் பட்டதாரி ஒருவர் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் செல்கிறார். அவ்வாண்டின் தொடக்கத்தில்தான் அவர் தந்தையார் இறந்திருந்தார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் அவருக்கு மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு உதவ முன்வந்தார். படித்து முடித்ததும் பரோடா சமஸ்தானத்திற் பணி செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. அந்த மாணவர்தாம் பீமராவ் அம்பேத்கர். கொலம்பியாவில் 1915இல் முதுகலைப் பட்டம் பெற்றார்; 1916இல் இந்தியாவில் சாதிகள் என்ற தம் புகழ்பெற்ற கட்டுரையை அங்கே படித்தார்; பின்னர் இலண்டனுக்குச் சென்று பொருளாதார ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1917இல் உபகாரச் சம்பளத்தின் காலம் முடிந்தது. ஆராய்ச்சி முடியவில்லை. அவர் நாடு திரும்ப வேண்டியதாயிற்று.

பரோடாவுக்குப் பணியாற்றச் சென்றவருக்கு அந்நகரில் தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் தங்கினார். அவர் இன்னார் என்று அறிந்ததும் தடி கொண்டுவந்து வெளியேற்றினார்கள். உலகின் பெரிய பல்கலைக்கழகங்களிற் பயின்றவருக்கும் உறைவிடம் இல்லை. பிறகு பம்பாயில் சைடனாம் கல்லூரியில் ஆசிரியராக இருந்து சேர்த்த பணம், கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசரின் உதவி, நண்பர் ஒருவரிடம் பெற்ற கடன் ஆகியவற்றைக் கொண்டு 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். ரூபாயின் சிக்கல் பற்றிய ஆராய்ச்சிக்காக 1923இல் டாக்டர் பட்டம் பெற்றார். அரைப்பட்டினியாகக் கிடந்து நூலகத்தில் காலை முதல் மாலை வரை படித்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகிறார்கள். இதை அவருடைய விடாமுயற்சிக்குச் சான்றாக எல்லாரும் எடுத்துக்காட்டுகிறோம். ஆராய்ச்சி மாணவனாகிய எனக்கு வேறொன்று கண்ணிற் படுகிறது. மூன்றாண்டு உதவி நான்காம் ஆண்டில் நின்றதால் அறிஞர் ஒருவரின் வேலை மூன்றாண்டு தடைப்பட்டது. அவரைப் போன்ற உறுதி இல்லாத நூறு பேர் அந்த இடைவெளியில் காணாமற்போயிருப்பார்கள். மன்னர்களின் கொடையில் இருக்கும் குறையே இதுதான். கொடுக்கிறவர் மனம் இருக்கிறவரைதான் அது இருக்கும். கேட்டு வாங்குகிற உரிமை யாருக்கும் இல்லை.

இந்த அனுபவம் அம்பேத்கரின் பிற்காலச் செயல்களில் தெளிவாகத் தெரிகிறது. பொதுவாழ்வில் இறங்கியதும் அவர் அமைத்த சபை 1925இல் சோலாப்பூரில் தொடங்கியது ஒரு மாணவர் விடுதி. பின்னர் 1942இல் அவர் இராசப்பிரதிநிதியின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானார். அவ்வாண்டு அக்டோபரில் தாழ்த்தப்பட்டோரின் குறைகளைக் குறித்து அரசாங்கத்திடம் அவர் ஒரு விண்ணப்பம் அளித்தார். பிற சமுதாயத்தாரின் பெயர் தாங்கிய பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டுதோறும் மானியம் கொடுக்கிறீர்களே, எங்கள் மாணவர்களின் உயர்கல்விக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்பது அவருடைய வாதத்தின் சாரம். அதன் பயனாக ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1944இல் பள்ளியிறுதிக்கு மேற்பட்ட படிப்புக்கான மத்திய அரசாங்க உபகாரச் சம்பளத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பழங்குடி மாணவர்களும் சில ஆண்டுகளில் அதிற் சேர்க்கப்பட்டார்கள். இன்றும் நம் கல்லூரி அறிவிப்புப் பலகைகளில் நாம் காணும் உதவித்தொகைத் திட்டத்தின் மூலம் அதுவே. பம்பாயில் 1946இல் அவர் தொடங்கிய சித்தார்த்தர் கல்லூரியில், பகலில் வேலை செய்து பிழைக்கும் மாணவர்கள் படிப்பதற்காகக் காலை நேரத்தில் வகுப்புகள் நடந்தன என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

மூட்டை இல்லாதவர்களுக்கு நாட்டின் கருவூலமே மகமை உண்டி ஆயிற்று என்று நான் கருதுகிறேன். உதவித்தொகையைச் சலுகை என்றும் இலவசம் என்றும் பேசுவோர் உளர். தலைமுறை தலைமுறையாக நாற்று நட்டும் களை பறித்தும் மூட்டைகளை உண்டாக்கிக் கொடுத்தவர்கள் யார்? அவர்கள் உழைப்பில் விளைந்த மூட்டைக்கு எடுத்துவைக்கப்படாதிருந்த மகமை, காலம் தாழ்ந்து திரும்பி வருகிறது. என் ஆசிரியர்களில் ஒருவர் இந்தக் கருத்தை ஏற்கவில்லை. உணர்ச்சி மிகுந்த உவமை என்று சொல்லிவிட்டார். நான் இன்னும் கைவிடவில்லை.

மீண்டும் எங்கள் வட்டாரத்துக்கு வருவோம். அதே பட்டிவீரன்பட்டிப் பகுதியில், 1926ஆம் ஆண்டில், நிலமற்ற ஆதிதிராவிடக் குடும்பம் ஒன்றிற் பிறந்தவர் கிருஷ்ணம்மாள். சௌந்தரபாண்டியனார் ஊரின் காற்றையே அவரும் சுவாசித்தார். ஆனால் அவர் குடும்பத்துக்கு மகமை உண்டி இல்லை. தாயார் கூலி வேலை செய்து பிள்ளைகளைக் காத்தவர். அந்தச் சிறுமி மதுரைக்குப் போய்ப் படித்துப் பல்கலைக்கழகக் கல்வியும் பெற்றார். டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது.

சௌந்தரம் அம்மையார் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் திருமகளார். 1904இற் பிறந்தவர். இளமையிலேயே கணவரை இழந்து, பின்னர்ப் பெற்றோரின் துணையோடு டில்லிக்குச் சென்று மருத்துவம் பயின்றவர். செல்வக் குடும்பத்துப் பெண்ணாயினும் கல்லூரி வாயிலை அடைவது எவ்வளவு கடினம் என்பதைத் தம் வாழ்விற் கண்டவர். ஜி. இராமச்சந்திரனை 1940இல் காந்தியடிகளின் ஆசியோடு மணந்தார். 1947இல் இருவரும் திண்டுக்கல்லுக்குத் தெற்கே, சின்னாளப்பட்டிக்கு அருகே, சிறுமலை அடிவாரத்தில் காந்திகிராமத்தை நிறுவினார்கள்.

கிருஷ்ணம்மாள் 1950இல் சங்கரலிங்கம் ஜெகந்நாதனை மணந்தார். ஜெகந்நாதன் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளை; 1930இல் காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரிப் படிப்பை உதறிவிட்டு வந்தவர். ஒருவர் எட்டாத கல்லூரியை எட்டிப்பிடித்தவர். மற்றவர் எளிதாகக் கிடைத்த கல்லூரியைத் துறந்தவர். துறப்பதற்கும் முதலில் ஒன்று கையில் இருக்க வேண்டும் போலும்! இருவரும் பூதான இயக்கத்தில் உழைத்தார்கள். 1968இல் கீழவெண்மணிக் கொடுமைக்குப் பின் தஞ்சைப் பகுதிக்குச் சென்று நிலமற்றவர்களுக்கு நிலம் பெற்றுத் தரும் பணியில் ஈடுபட்டார்கள். 1981இல் அதற்கென ஓர் அமைப்பை நிறுவினார்கள். 2008இல் மாற்று நோபல் என்று சொல்லப்படும் பரிசு அவர்களுக்கு வழங்கப்பட்டது. 2020இல் கிருஷ்ணம்மாளுக்குப் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. ஒரு பெண்ணுக்கு மதுரையில் தங்க இடம் கிடைத்ததன் விளைவு நாகப்பட்டினம் வரை போய்ச் சேர்ந்ததைப் பாருங்கள்.

காந்திகிராமத்தின் கல்வி வரலாற்றில் எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றுவது 1956இல் அங்கே தொடங்கிய கிராமிய உயர்கல்வி நிலையம். டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு 1949இல் கிராமப்புறத்துக்கென்று தனிப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் எனக் கூறியது. அதன் வழியில் மத்திய அரசாங்கம் நாட்டின் பல பகுதிகளில் கிராமிய நிலையங்களை ஏற்படுத்தியது. தமிழ்நாட்டுக்கு இரண்டு கிடைத்தன. ஒன்று கோயம்புத்தூருக்கு அருகே, மற்றொன்று காந்திகிராமம். கிராமத்துப் பிள்ளை நகரத்துக்குப் போக வேண்டியதில்லை. கல்லூரியே அவனிடம் வந்தது. மாணவர்கள் அங்கேயே தங்கி, உடலுழைப்போடு கலந்து கல்வி கற்றார்கள். ஆனால் ஒரு முடிச்சு விழுந்தது. அங்கே கொடுத்தது பட்டம் அன்று. கிராமப் பணிப் பட்டயம். அரசாங்க வேலைக்கு அது பட்டத்துக்கு நிகர் என ஏற்றுக்கொள்ளப்பட்டது. மேற்படிப்புக்குப் பல்கலைக்கழகங்கள் அவ்வளவு எளிதாக ஏற்கவில்லை. கிராமத்தானுக்கென்று தனிக் கல்வி வகுத்தால், எவ்வளவு உயர்ந்த நோக்கமாயினும், அவன் கையில் இருப்பது வேறு நாணயமாகிவிடுகிறது. 1976இல் அந்நிலையம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்த பிறகே முடிச்சு அவிழ்ந்தது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் அங்கே படித்தவர்களைப் பற்றி யாரேனும் உங்களுள் ஆராய முன்வந்தால் மிகவும் நல்லது.

அதன்பின் நடந்தவற்றை விரைந்து சொல்லிவிடுகிறேன். 1951இல் அரசியலமைப்பின் முதல் திருத்தம் பிற்பட்ட வகுப்பினருக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் கல்வி நிலையங்களில் இடம் ஒதுக்க வழி செய்தது. அத்திருத்தத்துக்குக் காரணமான வழக்கு நம் சென்னையில் தோன்றியதே. 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. பிடியரிசிப் பள்ளியிற் படித்தவர் மாநிலம் முழுவதற்கும் உலை வைத்தார். அந்தச் சோற்றை உண்டு வளர்ந்த பிள்ளைகள் 1960களில் கல்லூரி வாயிலில் வந்து நின்றார்கள். 1966இல் மதுரைக்குத் தனிப் பல்கலைக்கழகம் கிடைத்தது. 2010இல் குடும்பத்தில் முதற் பட்டதாரியாக வருபவர்களுக்குத் தொழிற்கல்லூரிகளில் கல்விக் கட்டணச் சலுகை அறிவிக்கப்பட்டது. 1989இல் ஏழைப் பெண்களின் திருமணத்துக்கென மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் தொடங்கப்பட்ட உதவித் திட்டம், 2022இல் அரசுப் பள்ளியிற் படித்த பெண்களுக்கு உயர்கல்வியின்போது மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டமாக மாற்றப்பட்டது. தாலிக்கு ஒதுக்கிய பணம் பாடப்புத்தகத்துக்குப் போயிற்று. இம்மாற்றம் ஒன்றைப் பற்றியே தனி ஆய்வேடு எழுதலாம். 2024இல் மாணவர்களுக்கும் அத்தகைய திட்டம் வந்தது.

இவ்வளவு இருக்கும்போது இன்னும் என்ன கவலை என்று கேட்பீர்கள். ஆராய்ச்சி செய்கிறவன் ஏட்டை மட்டும் பார்த்தால் கவலை இல்லைதான். சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் பழைய ஆண்டறிக்கைகளைப் புரட்டினால், இத்தனை பேருக்கு இத்தனை ரூபாய் என்று ஒழுங்காக எழுதியிருக்கும். பணம் எந்த மாதத்திற் கையிற் சேர்ந்தது என்று தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. வாங்கியவன் படிப்பை முடித்தானா என்று தேடினால் அதுவும் கிடைக்காது. வென்றவர்களின் பெயர்களைக் கல்லூரி மலர்களிற் காணலாம். நின்றுபோனவர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. நான் பார்த்த பழைய விடுதிப் பதிவேடு ஒன்றில் வரிசையாகப் பெயர்கள் இருந்தன. சில பெயர்களின் மேல் ஒரு கோடு. அவ்வளவே.

பணத்தின் காலத்தைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் உள்ள கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பன்னிருவர் என்னிடம் வருவார்கள். பாடம் சொல்லிக் கொடுப்பது பாதி. விண்ணப்பம் நிரப்புவது பாதி. சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். அவர்களில் ஒருத்தியின் தாயார் வாழைத்தோட்டத்திற் கூலி வேலை செய்கிறவர். முதற்பருவத் தேர்வுக்குக் கட்டணம் செலுத்த வேண்டிய நாள் வந்துவிட்டது, உதவித்தொகை வரவில்லை. திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைக்குப் போய்விடுகிறேன் அண்ணா, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் சொன்னாள். அடுத்த வருஷம் என்று சொல்லிப் போனவர்கள் திரும்பியதை நான் அதிகம் கண்டதில்லை.

அன்று மாலை அங்கிருந்த பிள்ளைகளே ஒரு தகர டப்பாவை எடுத்து வைத்தார்கள். ஆட்டோ ஓட்டும் ஒருவர் கொடுத்தார். தேநீர்க் கடைக்காரர் கொடுத்தார். முந்திய ஆண்டு பட்டம் பெற்று வேலைக்குப் போயிருந்த ஒருவன் பெரும்பகுதியைக் கொடுத்தான். உதவித்தொகை வந்ததும் அவள் அதை அதே டப்பாவில் திரும்பப் போட வேண்டும் என்று அவர்களே விதி செய்துகொண்டார்கள். 1910இல் தொடங்கிய சங்கத்தின் கடன் முறையை அவர்கள் அறியார்கள். நான் சொன்ன பிறகே தெரிந்துகொண்டார்கள். பணம் நான்கு மாதங் கழித்து வந்தது, அவளும் போட்டுவிட்டாள். இப்போது அவள் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஆனால் ஒரு டப்பா எத்தனை பேரைத் தாங்கும்? மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் தேவை வந்தால் அது போதாது. கருவூலத்தின் வேலையைத் தகர டப்பா செய்துவிட முடியாது. பள்ளியிறுதிக்கு மேற்பட்ட உதவித்தொகையின் செலவை மத்திய, மாநில அரசுகள் அறுபதுக்கு நாற்பது என்ற விகிதத்திற் பகிர்வது என்று 2020 டிசம்பரில் முடிவாயிற்று. அதற்கு முன் சில ஆண்டுகள் பெரும் பாரம் மாநிலங்களின் மேலேயே விழுந்து நிலுவைகள் குவிந்தன. விகிதம் சீரானது நல்லதே. அது போலவே எந்தத் தேதிக்குள் பணம் சேர வேண்டும் என்பதும் விதியாக வேண்டும் என்பது என் கருத்து.

நின்றுபோனவர்களை ஏட்டிற் காண முடியாவிட்டால் எங்கே காண்பது? ஊரிலேதான். உங்கள் தாத்தாவிடமோ பக்கத்து வீட்டுப் பெரியவரிடமோ, நீங்கள் எந்த வகுப்போடு நின்றீர்கள், எந்த மாதத்தில் நின்றீர்கள், அன்று எவ்வளவு பாக்கி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஏன் நின்றீர்கள் என்று முதலில் கேட்காதீர்கள்; வறுமை என்ற ஒரே சொல்லோடு முடித்துவிடுவார்கள். மாதத்தையும் தொகையையும் கேட்டால் வரலாறு வெளிப்படும்.

எங்கள் பக்கத்தில் ஒரு முதியவர் இருக்கிறார். 1960களில் மதுரைக்குப் போய்ப் புகுமுக வகுப்பிற் சேர்ந்தவர். இரண்டு மாத விடுதிப் பாக்கி சேர்ந்ததும் வெட்கப்பட்டு, ஒருவரிடமும் சொல்லாமல் புறப்பட்டு வந்துவிட்டார். தாண்டிக்குடி மலையில் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போனார். நான் மூன்றாம் முறை போனபோது, பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து மடித்து வைத்த ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அவருக்கு உபகாரச் சம்பளம் வழங்கப்பட்டதைத் தெரிவிக்கும் உத்தரவு. ஊர்த் தபாலுக்கு வந்து கிடந்ததை அவர் தாயார் வாங்கி வைத்திருந்தாராம். அதிற் கண்ட தேதி அவர் கல்லூரியை விட்டு ஏழு வாரம் கழித்து வருகிறது. அதைப் படியெடுத்துக்கொள்ள அனுமதி தந்திருக்கிறார். பெயரை மறைத்து என் ஆய்வேட்டின் பிற்சேர்க்கையில் அதைச் சேர்த்திருக்கிறேன்.